எக்ஸ்சேஞ்ச் சர்வர்: 2013 பதிப்பு முதல் எஸ்இ (சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன்) வரை ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

"மெயில் போகல." மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் அட்மினுக்கு வரும் புகாரில் பெரும்பாலும் இதற்கு மேல் எதுவும் இருக்காது. யாருக்கு, எப்போது, என்ன பிழைச் செய்தி என்று கேட்டால் மானிட்டரை மொபைலில் படம் எடுத்து அனுப்புவார்கள். அதிலும் தேவையான பகுதி இருக்காது. திரும்பி வந்த மெயிலின் அடியில் அட்மினுக்கென்று சிறிய எழுத்தில் ஒரு பகுதி இருக்கும். காரணம் அங்கேதான். படத்தில் வெட்டுப்படுவதும் அதுதான்.

இந்தப் பகிர்வு சொந்த சர்வரில் எக்ஸ்சேஞ்ச் ஓட்டுபவர்களுக்கானது. சுருக்கமாகச் சொன்னால், மெயில் அனுப்பும் வேலையில் இந்த மென்பொருள் அரிதாகவே தவறுகிறது. அதைக் கவிழ்ப்பவை டிஸ்க், சர்டிஃபிகேட் (சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்று), பேட்ச் (மென்பொருளுக்கு வரும் திருத்தம்) ஆகிய மூன்றும்.

முதலில் தேடும் வேலை. எந்தப் புகாருக்கும் முதலில் திறக்க வேண்டியது, ஒவ்வொரு மெயிலும் போன வழியைப் பதியும் மெசேஜ் டிராக்கிங் லாக். அனுப்பியவர், பெறுபவர், நேரம் மூன்றும் இருந்தால் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர் இருந்தால் எல்லாவற்றிலும் தேட வேண்டும். ஒன்றில் மட்டும் பார்த்துவிட்டு 'மெயிலே வரவில்லை' என்று பதில் சொல்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. 'சென்ட்' நிகழ்வில் எதிர்முனை சர்வரின் 250 ('ஏற்றுக்கொண்டேன்') பதில் பதிவாகியிருந்தால் மெயில் நம் கையை விட்டுப் போய்விட்டது. இனி அவர்கள் பக்கத்து ஸ்பேம் ஃபில்டரைத்தான் கேட்க வேண்டும். இந்த லாக் இயல்பாக 30 நாள் அல்லது 1000 எம்பி, எது முதலில் நிறைகிறதோ அதுவரைதான் இருக்கும். சர்வர் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. இந்திய நிறுவனங்கள் இந்த இரண்டு அளவையும் நிறுவிய அன்றே மாற்றிவிடுவது நல்லது. ஐந்து மாதம் முந்தைய மெயிலைப் பற்றி ஹெச்ஆர் கேட்கும்போது மாற்றிப் பயனில்லை.

டிஸ்க்தான் அதிக நாள் தூக்கத்தைக் கெடுப்பது. வருகிற ஒவ்வொரு மாற்றமும் டேட்டாபேஸுக்குள் போகுமுன் 1 எம்பி அளவுள்ள லாக் கோப்புகளில் எழுதப்படும். முழு பேக்கப்போ இன்கிரிமென்டல் (மாறியதை மட்டும் எடுக்கும்) பேக்கப்போ ஒழுங்காக முடிந்தால்தான் பழைய லாக்குகள் நீங்கும். பேக்கப் நான்கு நாள் தோற்றால் லாக் குவியும், டிரைவ் நிரம்பும், டேட்டாபேஸ் தானே டிஸ்மவுண்ட் ஆகும் (சேவையிலிருந்து இறங்கும்). இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது, பேக்கப் மென்பொருள் தினமும் பச்சை காட்டியும் லாக் குறையாத நிலை. இதற்குக் காரணம் அனேகமாக இரண்டில் ஒன்று. எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லாமல் விஎம்மை (சர்வர் ஓடும் மெய்நிகர் இயந்திரத்தை) மட்டும் ஸ்னாப்ஷாட் எடுத்திருப்பார்கள். அப்படி எடுத்தால் பேக்கப் முடிந்ததே எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது. அல்லது டிஏஜியில் (ஒரே டேட்டாபேஸின் காப்பிகளைப் பல சர்வர்களில் வைக்கும் குழுவில்) ஒரு காப்பி செத்துக் கிடக்கும். எல்லாக் காப்பிகளுக்கும் போய்ச் சேராத லாக்கை எக்ஸ்சேஞ்ச் நீக்காது. கிளை அலுவலகத்து லிங்க் போய் இரண்டு நாள் ஆனதன் விளைவு தலைமை அலுவலகத்து டிரைவில் தெரியும்.

மெயில்பாக்ஸ் இடமாற்றம் இதற்கு நேர் அண்ணன். 50 ஜிபி மெயில்பாக்ஸை வேறு டேட்டாபேஸுக்கு நகர்த்தினால், போய்ச் சேரும் பக்கத்தில் ஏறக்குறைய 50,000 லாக் கோப்புகள் பிறக்கும். வெள்ளி இரவு இருபது பேரை வரிசையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் சனி காலை என்ன நடக்கும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். நகர்த்தி முடித்த பிறகும் பழைய டேட்டாபேஸ் கோப்பு சிறுக்காது. உள்ளே வெற்றிடம் மட்டும் கூடும். அந்த இடம் டிஸ்க்குக்குத் திரும்ப வேண்டுமானால் எல்லோரையும் புதிய டேட்டாபேஸுக்கு நகர்த்திவிட்டுப் பழையதை நீக்குவதே சுத்தமான வழி. ஆஃப்லைன் டீஃப்ராக் (டேட்டாபேஸை இறக்கி வைத்துக் கோப்பைச் சுருக்குவது) செய்தால் அது முடியும்வரை அந்த டேட்டாபேஸில் யாருக்கும் மெயில் கிடையாது. கோப்பின் அளவைப் போல் 110 சதவீதம் காலியிடமும் வேண்டும். காலியிடம் இருந்தால் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டோம்.

டிரைவ் நிரம்பி டேட்டாபேஸ் இறங்கிவிட்டால் லாக் கோப்புகளைக் கையால் அழிக்கக் கூடாது. அழித்துவிட்டு மவுண்ட் செய்தால் 'டர்ட்டி ஷட்டவுன்' (ஒழுங்காக மூடப்படவில்லை) என்று நிற்கும். அப்புறம் கை, டேட்டாபேஸ் கருவியான ஈஎஸ்இயூடிலின் ரிப்பேர் வசதியை நோக்கிப் போகும். அது பிய்ந்த பக்கங்களைத் தைக்காது, கிழித்து எறியும். மெயில்கள் போகும், எவை போயின என்ற பட்டியலும் கிடைக்காது. விஎம் என்றால் டிரைவைப் பெரிதாக்கி, மவுண்ட் செய்து, உடனே முழு பேக்கப் எடுப்பது சரியான வரிசை. பெரிதாக்க வழியே இல்லாவிட்டால் சர்குலர் லாகிங்கை (பேக்கப்புக்குக் காத்திராமல் பழைய லாக்கை நீக்கும் அமைப்பை) தற்காலிகமாக இயக்கலாம். தனி சர்வரில் ஒருமுறை டிஸ்மவுண்ட் செய்து மவுண்ட் செய்தால்தான் அது வேலை செய்யும். நிலைமை சரியானதும் அதை நிறுத்திவிட்டு முழு பேக்கப் எடுக்க மறந்தால் அடுத்த விபத்தில் மீட்க ஒன்றும் இருக்காது.

சி டிரைவ் தனிக் கதை. ஐஐஎஸ் (விண்டோஸின் வெப் சர்வர்) லாக்குகள் தாமாக அழிவதில்லை. எக்ஸ்சேஞ்சின் சொந்தக் கண்டறிதல் லாக்குகளும் 2013 பதிப்பிலிருந்தே கொழுத்துக்கொண்டு போகின்றன. க்யூ (அனுப்பக் காத்திருக்கும் மெயில்களின் வரிசை) இருக்கும் டிரைவில் இடம் குறைந்தால் சர்வர் 'பேக் பிரஷர்' நிலைக்குப் போய், வருகிற மெயிலை 452 4.3.1 என்று சொல்லித் திருப்பும். வெளியிலிருந்து மெயில் வராது, ஆனால் அவுட்லுக் எல்லோருக்கும் இணைந்தே இருக்கும். அதனால் சந்தேகம் முதலில் ஃபயர்வால்காரர் மேல் விழும். ஈவென்ட் வியூவரில் இந்த நிலையைக் குறிக்கும் 15004, 15006, 15007 நிகழ்வுகள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவரைத் திட்டலாம். 14 நாளுக்கு மேற்பட்ட ஐஐஎஸ், கண்டறிதல் லாக்குகளை அழிக்கும் சிறு ஸ்கிரிப்ட்டை டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை ஓயும். டேட்டாபேஸ் லாக் ஃபோல்டர் அந்த ஸ்கிரிப்டின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சர்டிஃபிகேட்டில் எல்லோரும் கவனிப்பது வெளியே வாங்கியதை. மறப்பது உள்ளே தானாக உருவான இரண்டை. ஐஐஎஸ்ஸில் உள்வேலைக்காக இருக்கும் 'பேக் எண்ட்' தளம் 444 போர்ட்டில் சுயமாகக் கையொப்பமிட்ட சர்டிஃபிகேட்டைப் பயன்படுத்துகிறது. 'இது எதற்கு?' என்று யாராவது அதை அழித்தால் வெப்மெயிலில் லாகின் ஆனபின் வெற்றுப் பக்கம்தான் வரும். இன்னொன்று ஆத் சர்டிஃபிகேட் (சர்வர்கள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதற்கானது), ஆயுள் ஐந்து வருடம். நிறுவியவர் வேலை மாறிப் போன பிறகு, ஒரு காலையில் வெப்மெயிலும் அட்மின் பக்கமும் சேர்ந்து 500 பிழை காட்டினால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புதிதாக உருவாக்கிப் பதிந்தாலும் உடனே சரியாகிவிடாது. சில மணி நேரம் காத்திருக்க நேரலாம். காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே மாற்றுவதற்கு மைக்ரோசாஃப்டே ஸ்கிரிப்ட் தருகிறது. வெளி சர்டிஃபிகேட்டின் உச்ச ஆயுளோ 398 நாளிலிருந்து 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று சுருங்குகிறது. கையால் புதுப்பிக்கும் வழக்கம் இதற்குத் தாங்காது. சொந்த சர்வரும் மைக்ரோசாஃப்ட் கிளவுடும் சேர்ந்த ஹைப்ரிட் அமைப்பில், சர்டிஃபிகேட்டை வழங்கும் நிறுவனத்தின் பெயர் மாறினால் சென்ட் கனெக்டரில் (வெளியே மெயில் அனுப்பும் அமைப்பில்) பதிந்த சர்டிஃபிகேட் பெயரையும் மாற்ற வேண்டும்.

பேட்ச் விஷயத்தில் நியாயமான குறை சொல்லலாம். சியூ (கியூமுலேட்டிவ் அப்டேட்) என்பது பெயருக்குத்தான் அப்டேட். நடப்பது முழு மறுநிறுவல். அது சேவைகளை எல்லாம் முடக்கிவிட்டுத் தொடங்கும். நடுவில் தோற்றால் முடக்கியபடியே விட்டுவிடும். வெப்மெயிலில் இணைக்கும் கோப்பின் அளவுக்காக வெப்.கான்ஃபிக் அமைப்புக் கோப்பில் செய்த மாற்றமும் அழியும். பழைய எஸ்யூ (செக்யூரிட்டி அப்டேட்) கோப்புகளை அட்மின் அனுமதி இல்லாமல் இரட்டைக் கிளிக் செய்தால் 'வெற்றி' என்று சொல்லிவிட்டு வெப்மெயிலை உடைக்கும். 2019 பதிப்பின் சியூ14, லாகின் கடத்தலைத் தடுக்கும் எக்ஸ்டெண்டட் புரொடெக்‌ஷனை இயல்பாகவே இயக்கியது. சர்வர்களுக்கு வேலையைப் பிரித்தனுப்பும் லோடு பேலன்சரில் எஸ்எஸ்எல் ஆஃப்லோடிங் (குறியாக்கத்தை அங்கேயே அவிழ்ப்பது) வைத்திருந்தவர்களுக்கு அன்றே லாகின் நின்றது. ஆனாலும் தள்ளிப்போட முடியாது. 2021 மார்ச் 2 அன்று பிராக்ஸிலாகன் என்ற எக்ஸ்சேஞ்ச் பாதுகாப்பு ஓட்டைக்கு வந்த முதல் பேட்ச், அண்மைய சியூக்களில் மட்டுமே ஏறியது. மூன்று சியூ பின்தங்கியிருந்தவர்கள் முதலில் சியூ ஏற்றும் வேலையில் இறங்க, தாக்குபவர்கள் உள்ளே இறங்கிவிட்டார்கள்.

மைக்ரோசாஃப்டே சொதப்பிய நாளும் உண்டு. 2022 ஜனவரி 1 அன்று மால்வேர் ஸ்கேன் எஞ்சினின் பதிப்பு எண் 2201010001 என்று வந்தது. அதை வைக்க ஒதுக்கிய இடமோ 2147483647 வரைதான் கொள்ளும். எஞ்சின் நின்றது, மெயில் எல்லாம் க்யூவில் கிடந்தது. புத்தாண்டு விடுமுறையில் ஸ்கேனை அணைத்துவிட்டு, பிறகு எஞ்சினை மீட்டமைக்கும் ஸ்கிரிப்ட் வந்ததும் ஓட்ட வேண்டியிருந்தது.

அன்றாடத் தொல்லைகளில் இரண்டு. ஒருவருடைய மெயில்பாக்ஸை நீக்கிவிட்டு அதே முகவரியில் புதிதாக உருவாக்கினால், புதிய ஊழியர்களின் மெயில் அவருக்குப் போகும், பழைய ஊழியர்களின் மெயில் திரும்பும். அவுட்லுக் நினைவில் வைத்திருப்பது பழைய உள் முகவரியை. திரும்பிய மெயிலில் 'ஐஎம்சிஇஏஇஎக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட சரத்தை எடுத்து, அடிக்கோடுகளைச் சாய்கோடாகவும் +20 என்பதை இடைவெளியாகவும் மாற்றி, எக்ஸ்500 (அந்தப் பழைய உள் முகவரிக்கான வகை) முகவரியாக அவர் கணக்கில் சேர்த்தால் தீரும். இரண்டாவது, பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் கணக்கு மீண்டும் மீண்டும் பூட்டிக்கொள்வது. டொமைன் கன்ட்ரோலரில் (பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் சர்வரில்) கணக்குப் பூட்டலைப் பதியும் 4740 நிகழ்வு எக்ஸ்சேஞ்ச் சர்வரின் பெயரைக் காட்டினால், ஐஐஎஸ் லாக்கில் அவர் பெயரைத் தேடுங்கள். டிவைஸ் ஐடி கிடைக்கும். பழைய பாஸ்வேர்டோடு எங்கேயோ ஒரு போன் உயிரோடு இருக்கிறது. வீட்டில் பிள்ளை கையில் கொடுத்த பழைய போனாகவே பெரும்பாலும் இருக்கும்.

பெரிய குறை ஒன்று இன்னும் தீரவில்லை: டிகேஐஎம் கையொப்பம் (மெயில் நம் டொமைனிலிருந்தே வந்தது என்று காட்டும் முத்திரை) எக்ஸ்சேஞ்சில் உள்ளமைவாக இல்லை. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5000க்கு மேல் மெயில் அனுப்புபவரிடம் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று அனுப்புநர் சரிபார்ப்புகளையும் கூகுள் கேட்கிறது. தனி கேட்வேயோ (மெயில் வெளியே போகும் வழியில் நிற்கும் சர்வர்) கூடுதல் மென்பொருளோ வேண்டியிருக்கும்.

2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. 2019-இல் இருப்பவர்களுக்கு எஸ்இ மாற்றம் வழக்கமான சியூ ஏற்றுவது போலத்தான், சியூ14 அல்லது 15-இல் இருந்தால் போதும். 2016-இல் இருப்பவர்கள் புதிய சர்வர் கட்டி மெயில்பாக்ஸ்களை நகர்த்த வேண்டும். லாக் டிரைவின் காலியிடத்தை அளந்த பிறகு தொடங்குங்கள்.