வெர்மீரின் சமையலறை, ஹாமர்ஷோயின் வெற்றறை

டச்சு ஓவியர் யோஹன்னஸ் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' (சுமார் 1660) தனியாகத்தான் நிற்கிறாள். ஆனால் படத்தில் தனிமை இல்லை. கையில் வேலை இருக்கிறது. இடப்பக்க ஜன்னலின் வெளிச்சம் ரொட்டியின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகளாக உட்காருகிறது. சுவரைக் கவனியுங்கள்: ஆணிக்குக்கூட நிழல் உண்டு. நாம் பார்க்கையில் அவளுக்கு வலப்பக்க ஓரத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அதுதான் உருவத்தைச் சுவரிலிருந்து பிரித்து முன்னே தள்ளுகிறது.

டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் 1900-இல் கோபன்ஹேகனில் வரைந்த 'சூரியக் கதிர்களில் ஆடும் தூசி'யில் ஆளே இல்லை. ஒரு ஜன்னல், கைப்பிடி இல்லாத ஒரு கதவு, சாய்ந்து விழும் வெயில். அவ்வளவுதான். வெளிச்சம் தொடுவதற்குப் பொருள் ஏதுமில்லாததால், வெளிச்சமே பொருளாகிவிடுகிறது.

நகலெடுத்துப் பழகுபவர்கள் சறுக்குவது இரண்டாவதில்தான். கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்தால் சாம்பல் நீலம் பாய்ந்து சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகும். துளி அம்பர் (மண்பழுப்பு நிறமி) சேர்த்தால் சூடு வரும். கதிரின் விளிம்பைக் கூர்மையாக இழுத்தாலோ, தூசி போய் கதிர் பலகைபோல் தெரியும். வெர்மீரிடம் நீல ஏப்ரனும் மஞ்சள் சட்டையும் தவறுகளை ஓரளவு மறைத்துவிடும். இங்கே மறைய இடமில்லை.