கித்துல்கல படகுச் சவாரி: கிளிநொச்சியில இருந்து போறாக்களுக்கு

இரணைமடுக் குளத்தில நீந்திப் பழகின எங்களுக்கே, கித்துல்கலயில ரப்பர் படகில போற களனி கங்கை ஆறு வேற மாதிரித்தான். அரைநாள் சவாரிக்கு இரவே வான் பிடிச்சு வெளிக்கிட வேணும்.

வழிகாட்டி கெட்டிக்காரன். கரையிலேயே வைச்சுச் சொன்னார்: விழுந்தால் மல்லாக்கப் படுங்கோ, ஆறு ஓடுற பக்கம் காலை நீட்டுங்கோ, எழும்பி நிக்காதேங்கோ, கல்லிடுக்கில கால் மாட்டும். ஒவ்வொருத்தற்றை உயிர்காப்பு ஜக்கெட் வாரையும் தானே இழுத்து இறுக்கினார். எல்லாம் சிங்களத்திலயும் ஆங்கிலத்திலயும்தான். மச்சான்தான் சித்திக்குத் தமிழில சொன்னவன். அது பெரிய குறை.

எடுத்த படத்துக்குத் தனிக்காசு எண்டு சவாரி நடத்தினாக்கள் கடைசியிலதான் வாய் திறந்தினம்!

ஆத்துக்கு மேல்பக்கம் இருக்கிற நீர்மின்நிலையங்கள் தண்ணி விடுறதைப் பொறுத்துத்தான் ஆத்தின்ர வேகம். போக முதல் கேளுங்கோ. செருப்பு வேண்டாம், கட்டுற சப்பாத்துப் போடுங்கோ.