அரை லிட்டர் கண்ணாடி ஜாடி: ஆப்பிள் சாஸுக்கு நம்பி வாங்கலாம்
ஊட்டி மார்க்கெட்டில் ஒரு பாத்திரக் கடையில் நாலு ஜாடி வாங்கினேன். 3 கிலோ மலை ஆப்பிள், நல்ல புளிப்பு. வேகவைத்து மசித்து, பட்டை போட்டுக் கொதிக்கவிட்டு, மேலே அரை அங்குலம் விட்டுச் சூடாகவே நிரப்பினேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். சாஸ் பல நாள் கெடாமலிருக்க, மூடிய ஜாடிகள் கொதிநீரில் முழுகியிருக்க வேண்டும்; சமவெளியில் 15 நிமிடம் போதும் என்றால், இங்கே 25 நிமிடம். கண்ணாடி ஒன்றுகூட விரிசல் விடவில்லை. ஆறும்போது மூடிகள் காற்றுப் புகாதபடி ஒவ்வொன்றாக ‘டக்’கென்று உள்வாங்கின. அதைக் கேட்கவே அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்! ஒரு மூடி மட்டும் உள்வாங்கவில்லை, ரப்பர் விளிம்பில் பிசிறு. சரி, அதை ஃபிரிட்ஜில் வைத்து அந்த வாரமே சப்பாத்திக்குத் தொட்டு முடித்தோம். மூடியைத் தனியாகவும் விற்றால் இன்னும் எட்டு ஜாடி வாங்குவேன்.