ஆரிமாவா, டோகோவா? ஜப்பானின் இரண்டு பழைய வெந்நீர் ஊற்றுகள்

கோபே நகருக்குப் பின்னால் ரொக்கோ மலையடியில் ஆரிமா. ஷிகோகு தீவின் மட்சுயாமாவில் டோகோ. 720-இல் எழுதி முடித்த 'நிஹோன் ஷோகி' என்ற ஜப்பானிய வரலாற்று நூலிலேயே இரண்டும் வருவதால் பழமையை வைத்து முடிவெடுக்க முடியாது. இரண்டிலும் குளித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓரிடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஆரிமாவுக்குப் போங்கள்.

கட்டட அழகுக்கு டோகோதான். 1894-இல் எழுந்த மூன்றடுக்கு மர மாளிகை, உச்சியில் முரசு மாடம். நீண்ட பழுதுபார்ப்பு முடிந்து 2024-இல் முழுசாகத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் தெளிவு, வழவழப்பு, இதமான சூடு. ஆனால் கரையேறிய கொஞ்ச நேரத்தில் வீட்டு வெந்நீரில் குளித்த மாதிரிதான் இருந்தது.

ஆரிமாவின் 'கின்சென்' (தங்க ஊற்று) நீரோ பூமியை விட்டு வரும்போது தெளிவாக இருந்து, காற்றுப் பட்டதும் அதிலுள்ள இரும்பு துருப்பிடித்துச் செங்காவியாகிவிடும். ஒரு சாண் ஆழத்தில் நம் கையே தெரியாது. தொட்டி விளிம்பில் துரு பக்குப் பக்காகப் படிந்திருக்கும். நாக்கில் ஒரு துளி பட்டால் கடல்நீரைவிடக் கரிக்கும். பக்கத்தில் எரிமலை ஏதும் கிடையாது. கடலடிப் பாறைத் தட்டு பூமிக்குள் இறங்கியபோது உள்ளே போன பழங்காலக் கடல்நீர்தான் மேலே வருகிறது என்கிறார்கள் புவியியலாளர்கள்.

என் முடிவுக்குக் காரணம் அந்த உப்புதான். அது தோலில் மெல்லிய படலமாகத் தங்குவதால் வியர்வை சட்டென்று ஆவியாகாது, உடம்புச் சூடும் இறங்காது. குளித்துவிட்டுக் குளிர்காற்றில் மலைச்சரிவுத் தெருக்களில் வெகுநேரம் நடந்தேன்; பாதம்வரை கதகதப்பு அப்படியே இருந்தது. அதனால் வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிடாதீர்கள். தோல் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் அலசிக்கொள்ளட்டும். வெள்ளைத் துண்டு வேண்டாம், கறை போகாது. வெள்ளி நகையையும் கழற்றிவிடுங்கள்.

மூட்டுவலி குணமாகுமா என்றால், ஒரு குளியலை வைத்து நான் உறுதி சொல்ல மாட்டேன். நிறமற்ற நீர் வகை ஒன்றும் அங்கே உண்டு, அதை 'வெள்ளி ஊற்று' (ginsen) என்பார்கள். அதில் கொஞ்ச நேரமே இருந்தேன்.

ஆடையில்லாமல், சோப்பு போட்டுக் கழுவிய பிறகே இறங்க வேண்டும் என்பது இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ஆரிமாவில் விடுதி வாடகை கூடுதல். 'கின் நோ யு' பொதுக் குளியலகமே போதும். கூச்சம் இருந்தால் அதன் வாசலில் கால் நனைக்கும் தொட்டி இலவசம். சில செவ்வாய்க்கிழமைகளில் விடுமுறை, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.