கிளிப் பிராவா, விலக்கிக்கொள்ளும் பிராவா?

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. பாலூட்டுவதற்கென்று, தோள்பட்டையில் உள்ள கொக்கியைக் கழற்றினால் கப் திறக்கும் கிளிப் பிராவை ஏழாம் மாதத்திலேயே ஆசையாக வாங்கி வைத்திருந்தேன்; அதை மாட்டவே முடியவில்லை. அப்போது கைகொடுத்தது, முன்பக்கம் குறுக்காக மடிந்து, இழுத்தால் விலகும் பருத்தி வகைதான். எம், எல் என்று பொதுவான அளவில் வருவதால் மார்பு பெருத்தாலும் குறைந்தாலும் துணி ஈடுகொடுக்கும். நடுராத்திரி தூக்கக் கலக்கத்தில் கொக்கி தேட வேண்டாம். ஆனால் பிடிமானம் குறைவு. மார்பு கனமாக இருப்பவர்களுக்கு வெளியே போக அது போதாது.

கிளிப் வகை நன்றாகத் தாங்கும். ஒரு கையால் திறக்கப் பழக இரண்டு நாள் ஆகும், சரி. சிக்கல் அளவில்தான். பால் சுரப்பு ஓரளவு நிலைப்பட சுமார் 6 வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகு அளந்து வாங்குங்கள். புதிதாக இருக்கும்போது, முதுகுப் பக்கத்தில் தளர்வான கடைசிக் கொக்கியில் சரியாகப் பொருந்த வேண்டும், பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். கசியும் பாலை உறிஞ்சும் பேடுக்கும் கப்பில் கொஞ்சம் இடம் வேண்டும். கம்பி வைத்தது மட்டும் வேண்டாம், அழுத்தினால் பால் கட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு முறை என்றால் முதலில் விலக்கும் வகையில் மூன்று வாங்குவேன். கிளிப்பை வேலைக்குத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.