கரையில் இருந்து எழுதிய கடல்: ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புத் தொகுதிகள்

ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படி சேதிக் குறிப்புத் தொகுதிகளை மதுரைத் தமுக்கம் மைதானத்தில் நடைபெற்ற புத்தகத் திருவிழாவில் வாங்கினேன். பதினெட்டாம் நூற்றாண்டு வணிகர் ஒருவரின் கடல்வழிக் குறிப்புகள் என்ற எண்ணத்தோடு இதை எடுப்பவர்கள், பாய்மரம் கிழிந்ததையும் திசை தவறியதையும் சொல்லும் பயணக் கதையை எதிர்பார்த்தால் ஏமாறுவார்கள். ஆனால் ஒரு துறைமுக நகரம் கப்பலை நம்பி எப்படி வாழ்ந்தது என்பதை அறிய விரும்புவோருக்குத் தமிழில் இதற்கு இணையான நூல் இல்லை என்றே சொல்வேன்.

1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் வளர்ந்து, பரங்கிப்பேட்டையில் துணி வணிகத்தை மேற்பார்த்து, 1747இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, உயர்ந்தவர் பிள்ளை. ‘ஆனந்தப்புரவி’ என்ற சொந்தக் கப்பலும் அவருக்கு இருந்தது. 1736 செப்டம்பர் 6ஆம் நாள், அதாவது நள வருடம் ஆவணி மாதத்தில், அவர் எழுதத் தொடங்கியபோது, காதால் கேட்பதையும் கண்ணால் காண்பதையும் கப்பல்களின் வரத்தையும் போக்கையும் பதிவதே நோக்கம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். இடையில் சில பகுதிகள் கிடைக்காமல் போனாலும், 1761 ஜனவரியில் அவர் இறக்கும் காலம்வரை குறிப்புகள் நீள்கின்றன.

கப்பல் வந்த நாள்களைப் பற்றிய பக்கங்களே இந்நூலின் உயிர். தொடுவானில் கொடி தெரிந்ததும், அது பிரெஞ்சுக் கப்பலா ஆங்கிலேயர் கப்பலா என்ற பேச்சு கிளம்புகிறது. எத்தனை பீரங்கி முழங்கியது என்று பிள்ளை எண்ணி எழுதுகிறார். யாருக்கு எவ்வளவு மரியாதை என்பது அந்த எண்ணிக்கையில்தான் இருந்தது. கப்பல் கரையை நெருங்க முடியாத கடற்கரையாதலால், ஆழத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே சலங்கு என்னும் படகுகள்தாம் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கடிதத்தையும் கொண்டுவந்தன. புதுச்சேரியில் ரூபாய் அச்சிடும் உரிமை 1736இல்தான் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிடைத்திருந்தது. எனவே ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பலில் வெள்ளி எவ்வளவு என்ற கேள்விக்கு நகரமே காதைத் தீட்டிக்கொண்டு நின்றதில் வியப்பில்லை. வெள்ளி வந்தால்தான் துணிக்கு முன்பணம் போகும். முன்பணம் போனால்தான் தறி ஓடும். வடகிழக்குப் பருவக்காற்று சீறத் தொடங்குவதற்குள் துணிக்கட்டுகள் கப்பலேற வேண்டும். மாசி வீதிகளில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கிலியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கடன், தரம், கெடு என்று பிள்ளை புலம்பும் இடங்களில் அவர்கள் தம் கணக்குப் பேரேட்டையே புரட்டுவதுபோல உணர்வார்கள்.

போர் நாள்களில் இதே கப்பல் செய்தி வேறு நிறம் கொள்கிறது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்ததும், அடுத்த மாதமே புயல் அவருடைய கப்பல்களைச் சென்னைக் கடலில் சிதைத்ததும் புதுச்சேரியை எட்டும் விதத்தில், வதந்தியும் கடிதமும் ஒன்றையொன்று முந்துகின்றன. 1759இல் தாஷேயின் பிரெஞ்சுக் கப்பற்படை மொரீசியஸ் பக்கம் போனபின் திரும்பி வரவேயில்லை. ஆங்கிலேயர் முற்றுகை இறுகிய காலத்துக் குறிப்புகளை, வராத கப்பல்களின் நாட்குறிப்பு என்றே படிக்கலாம். பிள்ளை இறந்து நான்கே நாள்களில், 1761 ஜனவரி 16இல், நகரம் வீழ்ந்தது.

குறைகளும் உண்டு. தம்மைப் பிறர் புகழ்ந்ததைப் பிள்ளை சற்றும் கூச்சமின்றி எழுதிக்கொள்கிறார். துய்ப்ளேக்சின் மனைவி மீது அவருக்கிருந்த வெறுப்பு பல இடங்களில் தீர்ப்பை வளைத்துவிடுகிறது. பதவிப் போட்டியும் பரிசுப் பட்டியலும் நீளும் பக்கங்களை வேகமாகத் தள்ளலாம், இழப்பு ஒன்றுமில்லை.

நான் வாங்கிய பதிப்பைப் பற்றித்தான் உண்மையான வருத்தம். பேச்சுநடையோடு பிரெஞ்சு, போர்த்துகீசியம், பாரசீகம், தெலுங்கு எனப் பல மொழிச் சொற்கள் கலந்த உரைநடைக்குத் தேவையான அருஞ்சொற்பொருள் இதில் மிகக் குறைவு. கப்பல் பெயர்களுக்கென அகராதி வரிசை இல்லாததால், ஒரே கப்பலை இரு தொகுதிகளில் தேடிப் பிடிப்பதற்குள் மாலைப் பொழுது முழுதும் போய்விடுகிறது. 1846இல் கலுவா மொம்பிரேன் கண்டெடுத்து, சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இது. அந்த ஆங்கிலத் தொகுதிகளின் அடிக்குறிப்புகள் தரும் உதவியைத் தமிழ் மூலத்தைப் படிப்பவருக்கும் தந்திருக்க வேண்டும். தாளும் அச்சும் நன்று. ஆனால் கனத்த தொகுதியின் கட்டு, மேசைமீது விரித்து வைத்துப் படித்ததிலேயே தளர்ந்துவிட்டது.

மொத்தத் தொகுப்பின் விலையைப் பார்த்துத் தயங்குபவர்கள், 1746ஆம் ஆண்டு அடங்கிய தொகுதியை மட்டும் முதலில் வாங்கிப் படிக்கலாம். பொருளடக்கத்தில் ஆண்டைச் சரிபார்த்து, கடைசிப் பக்கங்களில் சொற்பொருள் பட்டியல் உள்ளதா என்று புரட்டிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.