ஏழு நாள் பணம், இரண்டரை நாள் தூண்டில்

கனடாவின் லாப்ரடாரில், சாலையே எட்டாத ஓர் ஆற்றங்கரையில் இருக்கிறது, தூண்டிலில் சால்மன் மீன் பிடிக்கப் போகிறவர்கள் தங்கும் அந்த லாட்ஜ். பெயர் வேண்டாம். இதே கணக்கை எந்த லாட்ஜும் போடலாம் என்பதால், முன்பணம் கட்டுவதற்கு முன் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மீன் கிடைக்காததை ஏமாற்று என்று சொல்ல முடியாது. கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறிய அட்லாண்டிக் சால்மன் இரை தேடுவதில்லை. ஃப்ளையை, அதாவது இறகும் நூலும் கட்டிய செயற்கைப் பூச்சி முள்ளை, கவ்வுவது அதன் இஷ்டம். நாள் முழுக்க வீசியும் ஒன்றும் தொடாமல் போவது சகஜம். லாட்ஜுக்குக் கொடுக்கும் பணம், ஃப்ளை தண்ணீரில் கிடக்கும் நேரத்துக்கு. அங்கேதான் கை வைத்தார்கள்.

ஏழு நாள் என்று விற்றதில் முதல் நாள் மிதவை விமானம் இறங்கும்போதே பிற்பகல் மூன்று மணி. சாமான் இறக்கி, உரிமம் எழுதி, வேடர்ஸ் (ஆற்றில் இறங்கி நிற்க நீர் புகாத கால்சட்டை) போடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஏழாம் நாள் காலை எட்டு மணிக்கு அதே விமானத்தில் கிளம்ப வேண்டும். மிச்சம் ஐந்து நாள். அதிலும் இரண்டு பேருக்கு ஒரு கைடு, ஒரு படகு. மீன் தங்கும் மடு ஒன்றுதான், ஒருவர் வீசும்போது மற்றவர் பாறையில் உட்கார்ந்து கொசு அடிக்கலாம். ஆளுக்கு இரண்டரை நாள். வெளி மாகாணத்துக்காரர்கள் அங்கே கைடு துணையில்லாமல் சால்மன் பிடிக்கச் சட்டம் பொதுவாக இடம் தராது. அதனால் தனியாக அடுத்த மடுவுக்கு நடந்து போகவும் வழியில்லை. “ஒரு தூண்டிலுக்கு ஒரு கைடா, இரண்டுக்கு ஒன்றா? முழு மீன்பிடி நாள் எத்தனை?” இந்த இரண்டு கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

விளம்பரப் படத்தில் இருந்ததெல்லாம் பத்து கிலோ மீன். ஜூலைக் கடைசியில் அந்த ஆற்றில் பெரும்பாலும் வருவது கிரில்ஸ். கடலில் ஒரே குளிர்காலம் கழித்த, 63 செ.மீ.க்குக் குறைந்த மீன், எடை இரண்டு கிலோ சொச்சம். அதைவிடப் பெரியதை வைத்துக்கொள்ளக் கூடாது, உயிரோடு விட்டாக வேண்டும். பெரிய மீனை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். “எங்கள் சொந்த ஆறு” என்பதும் கதை. மீன்பிடி உரிமை தனியார் கையில் இருப்பது நியூ பிரன்ஸ்விக், கியூபெக் மாகாணங்களில் உண்டு. லாப்ரடார் இருக்கும் மாகாணத்தில் ஆறு எல்லாருக்கும் பொது.

ஒப்பந்தத்தில் அடுத்து பார்க்க வேண்டியது வெப்பநிலை. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சால்மன் திணறும். பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டாலும் பிழைப்பது சந்தேகம். அப்போது அதிகாரிகள் ஆற்றை மூடுவார்கள், அல்லது காலையில் மட்டும் அனுமதிப்பார்கள். மூடிய நாளுக்குப் பணம் திரும்புமா, அடுத்த ஆண்டுக்கு வரவு வைப்பார்களா? இங்கே இரண்டும் இல்லை. மூடுபனியால் விமானம் எழும்பாத இரவுகளுக்கு லாப்ரடாரின் கூஸ் பே ஊரில் விடுதிச் செலவும் விருந்தாளி தலையில். பனி யார் குற்றமும் இல்லைதான், ஆனால் அதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

லாட்ஜ் தரும் சாமானை நம்பாதீர்கள். ஃப்ளையின் முள்ளைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து லேசாக இழுங்கள்: கீறிப் பிடித்தால் கூர், வழுக்கினால் மொட்டை. அவர்கள் விற்ற ப்ளூ சார்ம் வகை ஃப்ளைகளில் பாதிக்கு மேல் வழுக்கியது. பல முட்களில் பின்கொக்கி (முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டும் சிறு முள்) நசுக்காமலே இருந்தது. அதை இடுக்கியால் அழுத்துவது நொடி வேலை, நசுக்காமல் விட்டால் சட்டமீறல். லீடரை (தூண்டில் நூலையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நூல்) விரல்களுக்கிடையே முழு நீளமும் உருவிப் பாருங்கள். காற்றில் தானாக விழுந்த ஒரு சின்ன முடிச்சு அதன் பலத்தைப் பாதியாக்கிவிடும். மீன் முதல் ஓட்டத்திலேயே அறுத்துக்கொண்டு போகும். எட்டாம் எண் நூலுக்கான தூண்டில் கம்பு (ராடு), குறைந்தது 150 மீட்டர் பேக்கிங் (மீன் நெடுந்தூரம் ஓடினால் விட்டுக்கொடுக்கும் அடிநூல்) உள்ள ரீல், 10–12 பவுண்டு பலமுள்ள லீடர் மூன்று நான்கு, ஒரு தண்ணீர் வெப்பமானி ஆகியவற்றைச் சொந்தமாகக் கொண்டு போவது நல்லது. வாடகை வேடர்ஸை இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டை இருந்தால் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். அங்கே கொடுத்த ஜோடியில் இடது முழங்காலில் மூன்று புள்ளி.